பாயோடு ஒட்ட வைக்கிற படங்கள்: சிவராத்திரிக்குப் படம் போடும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பின்னுக்கு, தூணோடு சாய்ந்து, பிளேன்ரீக் கோப்பையும் கையுமாக இருந்த வழுக்கைத் தலை நான்தான். இந்த வருசச் சிவராத்திரிக்கு என்ன படம் போடுவது என்று பேச்சு வந்தபோது எழும்பி, "பழைய மர்மப் படம் போடுவமே" என்றேன். மண்டபமே சிரித்தது. ஒரு தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: "மாமா, அதெல்லாம் போன்ல கிடக்குதானே. வீட்ட படுத்துக் கிடந்து பாருங்க."

சிரித்ததற்கு நான் கோவிக்கவில்லை. உங்கள் வயதில் நானும் எங்கள் பெரியப்பா தியாகராஜ பாகவதர் படம் பார்க்கச் சொன்னபோது இப்படித்தான் சிரித்தேன். ஆனால் கூட்டத்தில் கிடைத்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. ஆறுதலாக எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

"போன்ல கிடக்கு" என்ற பேச்சில் இருந்தே தொடங்குகிறேன். கிடக்கிறதுதான். ஆனால் கிடக்கிறதை ஆர் பார்க்கிறார்கள்? என் தங்கச்சியின் மகன் ஒருவன், படிப்பில் கெட்டிக்காரன், நான் கொடுத்த கரைச்சல் தாங்காமல் 'அந்த நாள்' படத்தைப் பார்க்கச் சம்மதித்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம். அரை மணித்தியாலத்தில் வந்து நின்று, "மாமா, ஆரு சுட்டதெண்டு தெரிஞ்சிட்டு" என்றான். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக் காட்சிக்குப் போயிருக்கிறான். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் கைகழுவிவிட்டு வந்தவனை என்ன சொல்வது?

மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்ச் சனம் சொல்லும். சிலர் மாந்திரீகம் என்பார்கள், சிலர் எங்கள் உபசரிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பார்கள். எது உண்மையோ, அந்த மந்திரம் தெரிந்த ஒருவர் சென்னையில் இருந்தார். எஸ். பாலச்சந்தர். வீணை வித்துவான். வீணை பாலச்சந்தர் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1990இல் காலமானார். அவர் இயக்கிய படங்களை விரலை மடக்கி எண்ணிவிடலாம். ஆனால் தமிழில் ஆளைப் பாயில் இருந்து எழும்பவிடாமல் வைத்திருக்கிற படம் எப்படி எடுப்பது என்று முதலில் முழுசாகக் கண்டுபிடித்தவர் அவர் என்பது என் கணக்கு.

'அந்த நாள்' 1954இல் வந்தது. ஏவிஎம் படம். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அதுதான். அந்தக் காலத்தில் பாட்டில்லாத படம் என்பது சோறில்லாத படையல் மாதிரி. படம் தொடங்கியதும் ஒரு வெடிச்சத்தம். சிவாஜி கணேசன் விழுகிறார். கதாநாயகன் தொடக்கத்திலேயே செத்துப்போனால் மிச்சப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கேதான் கெட்டித்தனம். துப்பறிய வருகிறவரிடம் மனைவி, தம்பி, தம்பி பெண்சாதி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்தவர் வேறொரு ஆளாக எழும்பி வருகிறார். 1950இல் ஜப்பானில் வந்த 'ரஷோமோன்' படத்தின் சாயல் என்பார்கள். இருக்கட்டும். திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமன்தான் அந்தத் துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். எழுதியவரே வந்து கேள்வி கேட்பதாலோ என்னவோ, ஒரு கேள்விகூட வீண்போகாது.

இன்னொன்று. படம் நடக்கிற காலம் 1943, சென்னைக்கு ஜப்பான்காரனின் குண்டுப் பயம் இருந்த நேரம். அதை நாங்கள் ஆரோ ஊர்க் கதையாகப் பார்க்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அதே நாளில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது எங்கள் மட்டக்களப்புக் கடலில்தான். இன்றைக்கும் அதன் உடைவைப் பார்க்கச் சுழியோடிகள் வருகிறார்கள். என் பெத்தா, அதாவது பாட்டி, அந்த நாளைப் பற்றிச் சொன்னால் "கடல் இடிச்சது" என்று மட்டும்தான் சொல்வா. அதற்கு மேல் சொல்லமாட்டா. பிறகு ஒருநாள் அவவோடு இருந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். ஜப்பான் என்ற சொல் வந்த இடத்தில் என் கையைப் பிடித்தவ, படம் முடியும்வரை விடவில்லை.

முதலாம் சாமப் பூசை முடிந்ததும் இந்தப் படத்தைப் போடுங்கள். சனம் முழித்திருக்கிற நேரம். பாட்டு இல்லாதபடியால் "பாட்டை ஓட்டு" என்று கத்தவும் ஆருக்கும் வேலை இருக்காது.

பிள்ளைகள் நிறைய வந்தால் அதே பாலச்சந்தரின் 'பொம்மை'யைப் போடலாம், 1964ஆம் வருசப் படம். நடந்து திரியும் ஒரு பொம்மை. அதன் வயிற்றுக்குள் குண்டு. எங்களுக்குத் தெரியும், படத்தில் அதைத் தூக்கித் திரிகிறவர்களுக்குத் தெரியாது. பொம்மை கை மாறுகிறது, ஒரு ஆளிடம் இருந்து இன்னொரு ஆளிடம். அவ்வளவுதான் கதை. ஆனால் அதைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் சும்மா இருந்து நான் காணவில்லை. "குடுக்காத! அத அவனிட்டக் குடுக்காத!" என்று திரையைப் பார்த்துக் கத்தும். யேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாட்டும் இதில்தான் இருக்கிறது. முடிவில் பாலச்சந்தர் தானே திரையில் வந்து, படத்தில் வேலை செய்தவர்களைக் காட்டி அறிமுகம் செய்து வைப்பார். அந்தக் கட்டத்தில் தயவுசெய்து லைட்டைப் போட்டுவிடாதீர்கள்.

அவருடைய 'நடு இரவில்' பற்றியும் கேட்பீர்கள். 1970இல் வந்தது. ஒதுங்கிய பங்களா, கூடியிருக்கும் உறவுக்காரர், ஒவ்வொருவராக விழும் பிணம். வித்து அகதா கிறிஸ்டியின் நாவலில் இருந்து வந்தது. நல்ல படம்தான், ஆனால் சிரிப்புக் காட்சிகள் இழுக்கும். நேரம் மிஞ்சினால் பார்ப்போம்.

இப்போது என் சொந்தக் கதை கொஞ்சம். எழுபதுகளில் எங்களுக்குப் படம் என்றால் பட்டணத்துத் தியேட்டர்தான். இந்தியாவில் ஓடி ஓய்ந்து சில வருசம் போன பிறகுதான் இங்கே வரும். கீறல் விழுந்த ரீல், இடையில் அறும், அறுந்தால் கூ என்று கத்துவோம். எங்கள் இடம் எப்போதும் கலரி. முதுகு சாயாத வாங்கு, மூட்டைப்பூச்சி, முன்னுக்கு இருக்கிறவரின் தலை. ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், கல்லடி, செங்கலடி எல்லாம் ஒரே வாங்கில் நெருங்கி இருந்த இடம் அது.

அங்கேதான் 'அதே கண்கள்' பார்த்தேன். 1967ஆம் வருசப் படம், ஏ. சி. திருலோகசந்தர் இயக்கம், ரவிச்சந்திரனும் காஞ்சனாவும். கலர். ஒரு வீடு, அந்த வீட்டாரைத் தேடி வரும் ஒரு உருவம், கண்கள் மட்டும் தெரியும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் காத்தான்குடிக்காரர், என்னைவிட மூத்தவர். பீடியை வாயில் வைத்து, நெருப்புக்குச்சியைக் கிழித்தார். அந்த நேரம் பார்த்து அந்தக் கண்கள் வந்தன. மனுசன் குச்சியைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெருப்பு இறங்கி இறங்கி விரலுக்கு வந்துவிட்டது. "அல்லாவே!" என்று அவர் போட்ட சத்தத்துக்குக் கலரி முழுக்கத் துள்ளி எழும்பியது. எதற்குத் துள்ளினோம் என்று கேட்டால் பாதிப் பேர் கண்களுக்கு என்றுதான் சொல்வார்கள்.

இதே படத்தைச் சில வருசத்துக்கு முன்னால் நான் கெஞ்சிக் கேட்டு நீங்கள் போட்டீர்கள். நன்றி. ஆனால் என்ன நடந்தது? படம் தொடங்க முன்னம் மைக்கைப் பிடித்த தம்பி, "அடுத்ததாக, இன்னார்தான் கொலைகாரன் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாத அருமையான திரைப்படம்" என்று, 'இன்னார்' என்ற இடத்தில் பெயரையே சொல்லிவிட்டார். மறுகா என்ன, சனம் பாயைச் சுருட்டியது. பழைய படம் எடுபடவில்லை என்று நீங்கள் முடிவுகட்டியதும் அன்றைக்குத்தான். பழி விழுந்தது படத்தின் தலையில்.

இந்த அறுபதுகளின் பேய்ப் படங்களில் நான் கவனித்த ஒரு விசயம் உண்டு. முக்கால்வாசிப் படத்தில் பேய் பேயாக இருக்காது. வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம், மழை, தானாகத் திறக்கும் கதவு எல்லாம் வரும். கடைசியில் பார்த்தால் சொத்துக்கு ஆசைப்பட்ட உறவுக்காரன் ஒருவன் செய்த வேலை. எந்தப் படத்தில் எந்த உறவுக்காரன் என்று சொல்லமாட்டேன், நான் அந்த மைக் தம்பி இல்லை. காணி உறுதிக்காகக் கோடேறி அலைகிற எங்கள் சனத்துக்கு அந்தப் பேய் நன்றாக விளங்கும். எங்கள் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் போகும் என்பதால், மகளுக்கு எழுதிய பங்களாவைப் பறிக்க அந்த மனுசன் என்ன பாடு பட்டிருப்பான் என்று என் பெண்சாதி ஒவ்வொரு தடவையும் சிரிப்பா. எழுபதுகளின் கடைசியில்தான் பேய் மெய்யாகவே பேயானது. துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' 1978இல் வந்தது. ரஜினிகாந்த் இருந்தும் அதில் பேய்தான் பெரிய ஆள்.

'யார் நீ?' பார்த்திருக்கிறீர்களா? 1966. ஜெய்சங்கர், ஜெயலலிதா. இந்தியில் வந்த 'வோ கோன் தீ' படத்தின் தமிழ். கதையைவிட எனக்கு அதில் பிடித்தது "நானே வருவேன்" என்ற பாட்டு. மெட்டு இந்தியில் இருந்து அப்படியே வந்ததுதான், ஆனால் சுசீலாவின் குரலில் அது வேறு ஒன்றாகிவிட்டது. இருட்டில், தூரத்தில் ஆரோ பாடுகிற மாதிரியே கேட்கும். அதனால்தான் கேட்கிறேன், பாட்டுகளை ஓட்டாதீர்கள். போன வருசம் நீங்கள் போட்ட படத்தில் பாட்டு வந்த இடமெல்லாம் தள்ளிவிட்டீர்கள். புதுப் படத்துக்கு அது பொருந்தலாம். பேய்ப் படத்தில் பாட்டுத்தான் பேய். அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது வீட்டுத் தளபாடம்.

இரண்டாம் சாமத்துக்கு என் தெரிவு 'நெஞ்சம் மறப்பதில்லை'. ஸ்ரீதர், 1963. இதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். மறுபிறவிக் கதை. கல்யாண்குமார், தேவிகா. பாழடைந்த மாளிகை, அதற்குள் காலடி வைத்ததும் தான் முன்பே இங்கே வாழ்ந்தது நினைவு வரும் ஒருவன். அப்புறம் நம்பியார். நம்பியார் என்றால் எம்ஜிஆரிடம் அடி வாங்குகிற ஆள் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தில் அந்தத் தொண்டு கிழவனைப் பார்க்க வேண்டும். நூறு வயதைக் கடந்தும் சாகாமல், பகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கிற கிழம். பேய் என்று ஒன்றையும் காட்டாமல், உயிரோடு இருக்கிற ஒரு மனுசனை வைத்தே பேயைக் காட்டிய படம் இது. ஏ. வின்சென்ட்டின் கமரா. கறுப்பு வெள்ளைப் படம் ஆருக்கு வேணும் என்று கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டா. தங்கச்சி, கலர்ப் படத்து இரவு பெரும்பாலும் நீலச் சாயம். கறுப்பு வெள்ளையில் இரவு என்றால் இரவுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குப் பிறகு இந்த ஊர் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் ஒரு குப்பி விளக்கின் வெளிச்சம் சுவரில் எப்படி ஆடியதென்று எங்களுக்குத் தெரியும். வின்சென்ட்டின் இருட்டு அந்த இருட்டு.

சரி, சிரிக்கவும் வேண்டும். அதற்கு விட்டலாச்சார்யா இருக்கிறார். தெலுங்கில் எடுத்துத் தமிழுக்கு வந்த 'ஜகன்மோகினி', 1978. பேய் சமைக்கிறது. விறகு இல்லை. தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிய விட்டுச் சமைக்கிறது! இன்றைய கணினி வேலையோடு ஒப்பிட்டால் தந்திரக் காட்சிகள் பச்சைப் பிள்ளை விளையாட்டு. ஆனால் ஒப்பிட வேண்டியது அதோடு இல்லை. எங்கள் வடமோடிக் கூத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டக்களரியில் அரசன் தன் வாயாலேயே தான் தேரில் வருகிறேன் என்று பாடுவான். தேர் இராது. எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தேரைப் பார்ப்போம். அந்தக் கண்ணைக் கொண்டு பார்த்தால் விட்டலாச்சார்யாவின் மரப் பாம்பும் பஞ்சுப் புகையும் வடிவாகத்தான் இருக்கும். களரியில் பழகிய சனம்தான் பிறகு கலரியில் போய் இருந்தது. விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊருக்கு விடிய விடியப் படம் பார்ப்பது புதுசில்லை.

ஜெய்சங்கரின் குதிரைப் படங்களையும் சொல்லாமல் விட மனமில்லை. கர்ணன் எடுத்த 'கங்கா', 'ஜக்கம்மா', இரண்டும் 1972. தொப்பி, துப்பாக்கி, குதிரை, பொட்டல்வெளி. அமெரிக்கக் கௌபாய் ஒருவன் தமிழ்நாட்டுக்கு வந்து, தாய்க்காகப் பழிவாங்குகிறான். குதிரை ஓட்டமும் கமராவும் பார்க்க நன்றாக இருக்கும், மற்றதைப் பற்றிக் கேட்காதீர்கள். இதை நான் போடச் சொல்லவில்லை. என் கூட்டாளி ஒருவர் அதற்காக என்னோடு ஒரு மாதம் கதைக்கமாட்டார், பரவாயில்லை.

மூன்றாம் சாமத்துக்கு 'ஊமை விழிகள்'. இதைச் சொல்ல எனக்கு ஒரு இரவைச் சொல்ல வேண்டும்.

அந்தப் படம் 1986இல் வந்தது. திரைப்படக் கல்லூரியில் படித்த பொடியன்கள் சேர்ந்து எடுத்தது. ஆபாவாணன் எழுத்து, அரவிந்தராஜ் இயக்கம், விஜயகாந்த். 'அதே கண்கள்' படத்தில் நாங்கள் ரசித்த அதே ரவிச்சந்திரன் இதில் வில்லன். எங்கள் பக்கம் அப்போது யுத்த நிலைமை என்னவென்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். இரவில் தியேட்டருக்குப் போக ஏலாது. ஒரு வீட்டில் வீடியோ டெக், டிவி, ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்துக் கசெட் போடுவார்கள். வெளிச்சம் வெளியில் தெரியாமல் யன்னலுக்கு உரச் சாக்கை அடிப்பார்கள். ஜெனரேட்டரைக் கிணற்றடியில் வைத்து நனைந்த சாக்கால் மூடுவார்கள். முப்பது, நாற்பது பேர் ஒரு அறைக்குள். சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வாயசைவைப் பார்த்து வசனம் விளங்கிய படம் அது.

படத்தில் ஒரு கிழவி வருவாள். மணி அடிப்பாள். அந்த மணிச் சத்தம் கேட்டால் அடுத்தது என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மணி அடித்த நேரம் தெருவில் வாகனச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தை முழுசாக நிறுத்தினார். படம் ஓடுகிறது, சத்தமில்லாமல். கிழவியின் கை ஆடுகிறது. எங்கள் ஆருக்கும் மூச்சில்லை. ஒரு குழந்தையின் வாயைத் தாய் பொத்திக்கொண்டிருந்தா. வாகனம் போய்விட்டது. மெதுவாகச் சத்தம் திரும்ப வந்தது. படம் முடிந்து ஆரும் வீட்டுக்குப் போகவில்லை, விடியும்வரை அங்கேயே கிடந்தோம். அப்போது ஒரு கிழவர் சொன்னது காதில் நிற்கிறது: "படத்தில வாற பயத்துக்கு வணக்கம் எண்டு போட்டு முடிச்சிடுறான், மனே."

அதனால்தான் இன்றைக்கு அந்தப் படத்தை முழுச் சத்தத்தோடு, திறந்த வெளியில், யன்னல் மூடாமல், ஊரே இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். அந்த மணியை நான் ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை. "தோல்வி நிலையென நினைத்தால்" பாட்டையும் இந்த ஊர் அந்தக் காலத்தில் எப்படிக் கேட்டதென்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நான்காம் சாமம், பிள்ளைகள் பாயில் நித்திரையான பிறகு, 'மூடுபனி'. பெரியவர்களுக்கான படம் என்பதால் அந்த நேரம்தான் சரி. இது பாலு மகேந்திராவின் படம், 1980. அவர் எங்கள் அமிர்தகழியில் பிறந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாமாங்கத்துக்குத் தீர்த்தமாடப் போகிறோம், அந்த ஊரின் பொடியன். புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் டேவிட் லீன் என்ற ஆங்கிலப் பட இயக்குநர் படம் பிடிப்பதைப் பார்த்ததாகவும், அந்த மனுசன் "மழை" என்று கத்தியதும் மழை பெய்ததாகவும் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2014இல் காலமானார்.

'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கொலைகாரன். அதைச் சொல்வதில் குற்றமில்லை, படமே அதை ஒளிப்பதில்லை. கொலைகாரன் ஆரென்று தெரிந்த பிறகும் பயம் குறையாத படம் அது. பகல் வெளிச்சத்திலேயே பயம் காட்டுவார் பாலு மகேந்திரா. யன்னலால் வருகிற வெளிச்சம், பனி, மலைப்பாதை. அடைத்து வைத்த பெண்ணுக்கு முன்னால் இருந்து அவன் கிற்றார் வாசித்துப் பாடுவான், "என் இனிய பொன் நிலாவே". கல்யாண வீடுகளில் நீங்கள் காதல் பாட்டு என்று போடுகிறீர்களே, அதுதான். அந்தப் பெண்ணாக நடித்த ஷோபா, படம் திரைக்கு வந்தபோது உயிரோடு இல்லை. இளையராஜாவின் நூறாவது படமும் இது. இது குறை இல்லாத படம் இல்லை. பெண்கள் சாகும் காட்சிகளை இப்போது பார்க்கும்போது எனக்கு முகம் சுருங்குகிறது, என் மகள் அதைப் பற்றி என்னோடு சண்டையே பிடித்திருக்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரில் பிறந்த ஒருவரின் படத்தை எங்கள் ஊர்த் திரையில் நான் ஒருதரமும் பார்த்ததில்லை.

இனி வேலைக் கதை.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுத்தவை. உங்கள் புரஜெக்டர் அதை இழுத்து அகலமாக்கினால் தேவிகாவின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்பாக விடுங்கள், ஒன்றும் குறையாது. 'ஊமை விழிகள்' சினிமாஸ்கோப், அதற்குத்தான் முழு அகலமும் வேண்டும். யூடியூபில் இருந்து நேரே ஓட்டாதீர்கள். போன வருசம் கதாநாயகி கதவைத் திறக்கப் போகும் நேரம் சவர்க்கார விளம்பரம் வந்தது நினைவிருக்கும். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் இதற்குச் சரிவராது, காலடிச் சத்தமும் இடிச் சத்தமும் அதில் ஒன்றாகத்தான் கேட்கும். திரைக்குப் பின்னால் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு வைத்தால் போதும். அப்புறம் அந்தத் தெருவிளக்கு. திரைக்கு நேரே விழுகிறது. சாக்குப் போட்டு மூட ஏலும், எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது.

போனை நிறுத்தச் சொல்லி ஒருதரம் மைக்கில் சொல்லுங்கள். கேட்காதவர்களைப் பின்னுக்கு அனுப்புங்கள். மாசி மாதப் பனி இருக்கும், எல்லாரையும் போர்வை கொண்டு வரச் சொல்லுங்கள். கச்சான் விற்கிற அம்மாவை முன்னுக்கு விடவேண்டாம், கச்சான் கடதாசிச் சுருளின் கரகரப்பு 'அந்த நாள்' படத்தைக் கெடுத்துவிடும். இடைவேளை பூசைக்கு மட்டும் போதும்.

வாங்கக்கூடிய படங்களின் டிஸ்க் சிலது என்னிடம் இருக்கிறது, மிச்சத்தை எடுக்கிற செலவில் பாதி நான் தருகிறேன். பொருளாளர் தம்பி ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக் கையில் தந்துவிடுவேன். நாலு படமும் ஏலாது என்றால் இரண்டு படமாவது போடுங்கள். அதிலும் கறுப்பு வெள்ளை ஒன்றாவது இருக்கட்டும். எங்கள் வீட்டில் பன்பாய் ஆறு கிடக்கிறது, அதையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அந்த மைக் தம்பியை மட்டும் அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் விடுங்கள்.

அன்புடன்,
தூணோடு சாய்ந்திருந்த மாமா